முத்தைத் திருப்பிக் கொடுத்தவன்

நாணயம் சேகரிப்போர் நடுவே ஒரு பழக்கம் வேரூன்றி வருகிறது. காசைப் பார்த்து விலை சொல்வதைவிடக் காசு வைக்கப்பட்டிருக்கும் பெட்டியைப் பார்த்து விலை சொல்வது எளிதாகிவிட்டது. வெல்வெட் விரித்த மரப்பேழை, பொன்னெழுத்து அச்சிட்ட மடிப்பட்டை, முத்திரையிட்டு மூடிய பிளாஸ்டிக் உறை ஆகியவற்றுக்காகவே காசு வாங்குவோர் பலர். மூத்த சேகரிப்பாளர்கள் இவர்களைக் கேலி செய்கின்றனர். காசை வாங்கு, உறையை வாங்காதே என்பது உலகெங்கும் இத்துறையில் புழங்கும் அறிவுரை. இந்தக் கேலியில் எனக்குப் பாதி உடன்பாடே உண்டு. பெட்டியை விரும்புவதில் இழிவு ஒன்றும் இல்லை. பெட்டியை விரும்பிக்கொண்டே காசை வாங்கியதாகத் தன்னையும் பிறரையும் நம்பவைப்பதில்தான் கேடு இருக்கிறது. மொழியியல் பயின்ற பழக்கத்தால் இதைச் சொற்களின் வழியாகவும் கதைகளின் வழியாகவும் அணுகுகிறேன்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் தம் நூலில் ஒரு சிறு கதையைப் பதிந்துள்ளார். சூ நாட்டு வணிகன் ஒருவன் முத்து விற்பதற்காகச் செங் நாட்டவரை நாடுகிறான். முத்தை வைக்க மணமரத்தால் ஒரு பேழை செய்கிறான். நறுமணப் பொருள்களால் அதற்கு மணமூட்டுகிறான். மணிகளும் செந்நிற மணிக்கற்களும் மீன்கொத்திச் சிறகும் கொண்டு அதை அணிசெய்கிறான். வாங்க வந்த செங் நாட்டவன் பேழைக்கு விலை கொடுத்து எடுத்துக்கொண்டு முத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அந்த வணிகனுக்குப் பேழை விற்கத் தெரிந்தது, முத்து விற்கத் தெரியவில்லை என்பது கதையின் முடிவு.

இக்கதை சொல்லப்படும் சூழல் நமக்கு முக்கியமானது. மோ த்ஸு என்னும் அறிஞரின் பேச்சில் ஏன் அழகு இல்லை என்று சூ அரசர் கேட்கிறார். அதற்கு விடையாகத்தான் இக்கதை வருகிறது. சொல் அலங்காரம் மிகுந்தால் கேட்பவர் அலங்காரத்தை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவர் என்பது விடையின் சாரம். ஆக, இது தோற்றத்திலேயே மொழியைப் பற்றிய கதை. எழுதுவோரும் ஆய்வோரும் தம்மைப் பற்றிய கதையாகவே இதைப் படிக்கவேண்டும்.

கேட்டவர் எல்லாரும் செங் நாட்டவனைப் பார்த்துச் சிரிக்கின்றனர். சீன மொழியில் அவன் செயல் நான்கே எழுத்தில் அடங்கிய மரபுத்தொடராகி இன்றும் பேதைமைக்கு எடுத்துக்காட்டாக வழங்குகிறது. எனக்கோ அவன்மேல் மதிப்பு உண்டு. தனக்கு வேண்டியது பேழை என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. வேண்டாததைத் திருப்பிக் கொடுத்தான். முத்து வணிகனிடம் எஞ்சியது. அதன் அருமை அறிந்த ஒருவர் மறுநாள் வாங்கியிருக்கக்கூடும். இன்றைய வாங்குநர் முத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. பேழைக்கு விலை கொடுத்து, முத்தை அதனுள்ளேயே பூட்டி, முத்து வாங்கினேன் என்று சொல்கிறார்.

நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். விடுதலைக்குப் பின் இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் 1964இல் நேருவின் மறைவையொட்டி வெளிவந்தன. அவை மக்கள் கையில் புழங்கின. காலப்போக்கில் புழக்கத்துக்கு வராத உயர்மதிப்பு நினைவு நாணயங்களும் பெருகின. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010இல் 1000 ரூபாய் நாணயம் வெளியானது. அதைக் கொண்டு எவரும் கடையில் அரிசி வாங்கியதில்லை. இத்தகைய நாணயங்கள் ஆடிபோல் பளபளக்கும் 'ப்ரூஃப்' வகையாகவும் பிற வகையாகவும் அச்சிடப்பட்டு, அரசு நாணயச்சாலைகளால் பெட்டியிலோ மடிப்பட்டையிலோ வைத்து முன்பதிவின் பேரில் விற்கப்படுகின்றன. மறுவிற்பனையில் முதலில் எழும் கேள்வி 'ஒரிஜினல் பேக்கிங் இருக்கிறதா?' என்பதே. பெட்டி தொலைந்தால் விலை இறங்கும். திறக்கப்படாமலே இருந்தால் விலை ஏறும். ஒரு காசை யாரும் தொட்டதில்லை, புரட்டிப் பார்த்ததில்லை என்பதே அதன் சிறப்பாகிவிடுகிறது.

அமெரிக்காவில் இப்போக்கு இன்னும் தெளிவான வடிவம் பெற்றது. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. ஆகிய தரநிர்ணய நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. காசை ஆராய்ந்து, 1 முதல் 70 வரையுள்ள அளவுகோலில் மதிப்பெண் இட்டு, அதை ஒட்டி மூடிய கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருவது இவற்றின் பணி. சேகரிப்பாளர் வழக்கில் இவ்வுறைக்கு 'ஸ்லாப்' என்று பெயர். தொடக்கத்தில் இது வெறும் காப்பு. சில பதிற்றாண்டுகளில் உறையே சேகரிப்புப் பொருளாயிற்று. பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தின் முதற்கால உறைகளை அசைத்தால் உள்ளே காசு கிலுகிலுக்கும். ஆகவே 'ராட்லர்' எனப் பெயர்பெற்ற அவற்றுக்கு இன்று தனி விலை உண்டு. அக்காலத்தில் மதிப்பெண் இடுவதில் கண்டிப்பு மிகுதி என்ற நம்பிக்கை ஒரு காரணம். உறையின் அருமை மற்றொரு காரணம். என்.ஜி.சி. தொடக்கத்தில் சிறிது காலமே வெளியிட்ட கருநிற உறைக்கும் இதே கதை. விளம்பரத்துக்காக மலிவான சில்லறைக் காசை உள்ளே வைத்து வழங்கிய மாதிரி உறைகளையும் தேடித்தேடிச் சேர்ப்போர் உள்ளனர். இக்கடைசிக் குழுவினரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். தாம் சேர்ப்பது உறை என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்கின்றனர். செங் நாட்டவனின் நேர்மை அவர்களிடம் இருக்கிறது.

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாதவரை நாணயமானவர் என்கிறோம். காசின் மேல் வைத்த நம்பிக்கை மனிதர்மேல் ஏற்றிச் சொல்லப்படுகிறது. அந்நம்பிக்கையைச் சோதித்துச் சொல்லவும் நம்மிடம் ஆள் இருந்தனர். காசு பார்த்து நோட்டம் சொல்பவரை வண்ணக்கன் என்றனர். சங்கப் புலவர் பெயர்களில் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் போன்றவை இத்தொழிலை இன்றளவும் சுமந்து நிற்கின்றன. கண்ணால் கண்டு, கையால் எடைபோட்டு, தட்டி ஓசை கேட்டு, உரைத்து நிறம் பார்த்துச் சொல்வது நோட்டக்காரரின் கலை. முத்திரையிட்ட உறையில் இக்கலைக்கு வேலை இல்லை. எடைபோட இயலாது; ஓசை கேட்க இயலாது; பல உறைகளில் விளிம்பைக்கூட முழுமையாகப் பார்க்க இயலாது. நகைக்கடைகளில் விற்கப்படும் தங்கக் காசுகளைப் பாருங்கள். உறையைப் பிரித்தால் திரும்பப் பெறுவதில் சிக்கல் வரும் என்று பல இடங்களில் எச்சரித்தே தருகின்றனர். நம்பிக்கை காசிலிருந்து நகர்ந்து அட்டைக்குப் போய்விட்டது. நாணயம் என்ற சொல்லின் இரண்டாம் பொருள் இப்போது பிளாஸ்டிக்குக்கு உரியது போலும்.

இவ்வளவும் சொன்னபின் பெட்டியின் பக்கமும் நின்று பேசவேண்டும். காசைத் தாங்கும் பொருள் காசைவிட அரிய செய்தி தருவது உண்டு. அதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை.

நான் வாழும் கல்லாறு பொன்முடி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. இங்கிருந்து திருவனந்தபுரம் செல்லும் வழியில் நெடுமங்காட்டில் கோயிக்கல் அரண்மனை உள்ளது. வேணாட்டின் உமையம்மை ராணியோடு தொடர்புடைய அந்த மாளிகையில் கேரளத் தொல்லியல் துறை நாட்டுப்புறவியல் அருங்காட்சியகத்தையும் நாணயவியல் அருங்காட்சியகத்தையும் நடத்துகிறது. திருவிதாங்கூர்க் காசுகளைப் பற்றி அறிய விரும்பும் மாணவர் கட்டாயம் போகவேண்டிய இடம் அது. திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு 1 சக்கரம். 4 சக்கரம் 1 பணம். 7 பணம் 1 ரூபாய். அதாவது 28 சக்கரம் கொண்டது ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும் பின் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முதியவர்களுக்குச் 'சக்கரம்' என்ற சொல் அயலானது அன்று.

பழைய வெள்ளிச் சக்கரம் அரைக் கிராமுக்கும் குறைந்த எடையுள்ள மிகச் சிறு காசு. நூறு ரூபாய் கொடுக்கவேண்டுமானால் 2,800 சக்கரங்களை எண்ணவேண்டும். விரலால் எண்ணினால் பொழுது போதாது. இதற்குத் தீர்வாகத் திருவிதாங்கூரில் பிறந்ததுதான் சக்கரப்பலகை. கைக்கு அடக்கமான மரப்பலகை ஒன்றில், ஒரு சக்கரம் மட்டும் பொருந்தும் அளவும் ஆழமும் கொண்ட சிறு குழிகள் வரிசை வரிசையாகக் குடையப்பட்டிருக்கும். ஒரு பிடி காசை அதன்மேல் கொட்டி மெல்ல அசைத்தால் குழிக்கு ஒன்றாகக் காசு விழும். மிச்சத்தைக் கையால் வழித்துவிட்டால் போதும். பலகை நிறைந்ததா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 200 குழிப் பலகை என்றால் நூறு ரூபாய்க்குப் பதினான்கு முறை நிறைத்தால் கணக்கு முடிந்தது. இங்குப் பணியாற்றிய மிஷனரி சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியான தம் நூலில் இக்கருவியை வியந்து விளக்கியுள்ளார்.

இன்று சக்கரப்பலகை பழம்பொருள் கடைகளில் தனியாகவே விலைபோகிறது. அதை வாங்குபவர் காசுக்காக வாங்கவில்லை, பலகைக்காகவே வாங்குகிறார். இதைக் கேலி செய்ய முடியுமா? ஒரு சக்கரக் காசு அரசின் முத்திரையைச் சொல்லும். பலகையோ அக்காசு எப்படிக் கைமாறியது, எவ்வளவு திரளாகக் கைமாறியது, எண்ணியவர் எத்தகைய இடர்ப்பாட்டைச் சந்தித்தார் என்பவற்றைச் சொல்லும். குழியின் அகலம் காசின் அகலத்தைச் சொல்லும். தேய்ந்த விளிம்பு எத்தனை கைகள் அதை அசைத்தன என்று காட்டும். காசைத் தாங்கிய பொருள் இங்குக் காசைப் பற்றிப் பேசுகிறது.

மொழியும் இவ்வாறே கலத்தைப் பேணுகிறது. கேரளத்தின் பழைய நகைப்பெட்டிக்கு ஆமாடப்பெட்டி என்று பெயர். ஆமாட என்பது பழைய பொற்காசு ஒன்றின் பெயர். தமிழ்க் கல்வெட்டுகளில் பயிலும் 'மாடை' என்னும் பொற்காசுப் பெயரை அறிந்தவர்க்கு இச்சொல்லின் ஓசை அயலாகத் தோன்றாது. அக்காசு புழக்கத்திலிருந்து மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. பித்தளைப் பூண் போட்ட அப்பெட்டியின் மாதிரிகள் இன்றும் கைவினைக் கடைகளில் கிடைக்கின்றன. காசு போனபின்னும் அதன் பெயரைப் பெட்டி காத்துவைத்திருக்கிறது.

தமிழில் 'பொற்கிழி' இதற்கு இணையானது. கிழி என்பது துணி; பொன்னை முடிந்த துணி பொற்கிழி. புலவர்க்கு அளித்த பரிசுக்கு அதை முடிந்த துணியே பெயராயிற்று. இன்று விழா மேடையில் வங்கிக் காசோலையைக் கொடுத்தாலும் பொற்கிழி வழங்கினார் என்றே அழைப்பிதழில் அச்சிடுகிறோம். நம் இலக்கணிகள் இத்தகைய பெயர்மாற்றத்தை ஆகுபெயர் என வகுத்தனர். இடத்தின் பெயர் அதில் உள்ள பொருளுக்கு ஆவதும் உண்டு. உள்ள பொருளின் பெயர் இடத்துக்கு ஆவதும் உண்டு. விளக்கு முறிந்தது என்னும்போது முறிந்தது விளக்குத் தண்டே. ஆகுபெயர் தவறான பெயரிடல் அன்று. கேட்பவர்க்கு இரண்டும் வேறு என்பது தெரியும் வரையில் அது மொழியின் வளம். அத்தெளிவு மறைந்தால் மட்டுமே குழப்பம். நாணயச் சந்தையில் நடப்பது அக்குழப்பம்.

கலத்தைப் புறக்கணிப்பதால் நாம் இழப்பது எவ்வளவு என்பதற்குப் புதையல்களே சான்று. 1847இல் கண்ணூருக்கு அருகே கோட்டயம் என்னும் இடத்தில் நூற்றுக்கணக்கான ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பகுதி கைமாறிச் சிதறிவிட்டது. திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் ரோமானியக் காசுகளும் முத்திரைக் காசுகளும் ஒரே புதையலில் கிடைத்தன. எய்யாலின் சிறப்பு தனித்தனிக் காசுகளில் இல்லை. அத்தகைய காசுகள் வேறு இடங்களிலும் உண்டு. அவை ஒன்றாக இருந்தன என்பதே செய்தி. இருவேறு நிலங்களின் பணம் ஒரே காலத்தில், ஒரே கையில் செல்வமாக மதிக்கப்பட்டது என்பதை அச்சேர்க்கைதான் சொல்கிறது. சேர்க்கைக்குச் சாட்சி அவற்றைத் தாங்கிய கலமும் கிடந்த மண்ணும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் கண்டெடுத்தவரிடம் கேட்பவை மூன்று: புதையலின் தன்மையும் அளவும் அல்லது தோராய மதிப்பும், கிடைத்த இடம், கிடைத்த நாள். எதில் வைத்திருந்தது என்று அது கேட்கவில்லை. பானை உடைத்துப் பொன்னை எடுக்கும் மனநிலை சட்டத்துக்கும் இருந்திருக்கிறது. பானையின் வனைவைக் கொண்டு காலம் கணிக்கத் தெரிந்த தொல்லியலாளர்க்கு அந்த ஓடுகளும் பொன்னே.

ஆகவே பெட்டிகளை இருவகையாகப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்கிறேன். காசு எங்கிருந்து வந்தது, எவரிடம் இருந்தது, எவற்றோடு இருந்தது, எவ்வாறு எண்ணப்பட்டது என்பவற்றைச் சொல்லும் பெட்டி ஒருவகை. சக்கரப்பலகை, புதையற்பானை, பழைய சேகரிப்பாளர் தம் கையால் குறிப்பெழுதிய காகித உறை, அக்கால நாணயச்சாலையின் அசல் மடிப்பட்டை ஆகியன இவ்வகை. இவற்றுக்காக விலை கொடுப்பது ஆவணத்துக்காக விலை கொடுப்பதாகும். காசின் வரலாற்றை அறுத்துவிட்டுத் தன் பளபளப்பை மட்டும் முன்வைக்கும் பெட்டி மற்றொரு வகை. சுற்றுலாத் தலங்களில் பலவகைப் பழங்காசுகளை வெல்வெட்டில் பசையிட்டு ஒட்டிச் சட்டம் போட்டு விற்கின்றனர். அதில் பின்புறம் என்பதே காசுக்கு இல்லாமற் போகிறது. எழுத்து உள்ள பக்கம் பசைக்குள் போய்விட்டால் அக்காசு ஊமை.

இவ்விரண்டாம் வகை காசின் உடலையும் கெடுப்பதுண்டு. மலிவான மென் பிளாஸ்டிக் உறைகளில் உள்ள பாலிவினைல் குளோரைடு நாளடைவில் பிசுபிசுப்பைக் கசியவிட்டுச் செம்பிலும் வெள்ளியிலும் பச்சைக் கறையை உண்டாக்கும். சிலவகை மரங்கள், குறிப்பாக ஓக், அமில ஆவியை வெளியிடும். கந்தகம் கலந்த துணியும் பசையும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். நம் மலையடிவாரத்து ஈரப்பதத்தில் இவை விரைவாகவே நிகழும். கண்ணுக்கு அழகாகச் செய்த பேழை உள்ளிருப்பதை மெல்லத் தின்றுகொண்டிருக்கலாம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எளிதாகத் தள்ள இயலாது. உறை இல்லாவிடில் கைவியர்வை படும், கீறல் விழும், போலிகள் பெருகும். வண்ணக்கன் போன்ற தேர்ந்த கண் எல்லார்க்கும் வாய்க்காது. எனவே முத்திரையிட்ட உறை எளிய வாங்குநர்க்குக் காப்பு என்பர். ஏற்கிறேன். தொடக்கநிலைச் சேகரிப்பாளரை அழகிய பெட்டிதான் இத்துறைக்கு இழுத்துவருகிறது என்பதும் உண்மை. ஆனால் காப்பு வேறு, படிப்பு வேறு. மருந்துப் புட்டியின் மூடி பத்திரமாக இருப்பதால் நோய் தீர்வதில்லை. பல்கலைக்கழகத்தில் நாணயவியல் பயிலும் மாணவர் உறைமேல் அச்சிட்ட மதிப்பெண்ணைப் படித்துக் காசைப் படித்ததாக எண்ணும் நிலை வந்தால், வண்ணக்கனின் கலை ஒரு தலைமுறையில் அற்றுப்போகும். எழுத்து வடிவத்தைக் கொண்டு காலம் கணிக்கவும், அச்சுப் பிழையைக் கொண்டு வார்ப்பைப் பிரித்தறியவும் கையில் காசு வேண்டும்.

இது நம் கல்விப்புலத்துக்கும் பொருந்தும். ஆய்வேட்டின் தோல் அட்டையும், கட்டுரை வெளியான இதழின் மதிப்பெண்ணும் நமக்கு நாமே செய்துகொண்ட உறைகள். கட்டுரையைப் படிக்காமலே இதழின் பெயரைக் கேட்டு மதிப்பிடும் நேர்காணல் குழுவும், காசைப் புரட்டாமலே உறையின் எண்ணைக் கேட்கும் வாங்குநரும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். சூ அரசரின் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடை நமக்கும் உரியது.

மாணவ நண்பர்களிடம் சில வேண்டுகோள்கள். பழங்காசு ஒன்று கிடைத்தால் அது இருந்த காகித உறை, துணிமுடிப்பு, பெட்டி, விற்றவர் எழுதிய சீட்டு ஆகியவற்றைக் குப்பையில் போடாதீர்கள், படமெடுத்துக் குறித்துவையுங்கள். ஆய்வில் ஒரு காசை விவரிக்கும்போது எடை, விளிம்பு, இருபக்கம் ஆகியவற்றோடு அது எதில் வைக்கப்பட்டிருந்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். உறைக்குள் இருந்ததால் எடை பார்க்கவில்லை என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். வீட்டில் சக்கரப்பலகையோ ஆமாடப்பெட்டியோ இருந்தால் விற்பதற்கு முன் முதியவர்களிடம் அதன் பயன்பாட்டையும் பெயர்களையும் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். பலகை வேறொருவர் வீட்டுச் சுவருக்குப் போகலாம். அதைச் சுற்றியிருந்த சொற்கள் அதனோடு போவதில்லை.

பெட்டியின் அழகில் மனம் பறிகொடுத்த சேகரிப்பாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தயங்காமல் பெட்டிகளையே சேருங்கள். அவற்றைச் செய்த தச்சரையும் அச்சகத்தையும் ஆண்டையும் ஆராயுங்கள். நாளைய ஆய்வாளர் உங்களுக்கு நன்றி சொல்வர். அப்பெட்டிகளில் வந்த சாதாரணப் பழங்காசுகள் உங்களுக்கு வேண்டாதவை என்றால், அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ பள்ளிக்கோ கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் அவற்றைக் கையில் எடுத்துப் புரட்டி, தேய்ந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கட்டும். செங் நாட்டவன் அன்று செய்தது அதுதான்: பேழையை எடுத்துக்கொண்டு முத்தைத் திருப்பிக் கொடுத்தான்.